ஆணியில்லா ஈட்டி

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே. இன்று ஊராக இருக்கும் இடமெல்லாம் அன்று காடாக இருந்தது. முள்ளிமலையையும் அதன் அடிவாரத்தையும் சேந்தன் என்னும் குறுநில மன்னன் ஆண்டுவந்தான். மலையில் தினை விளைந்தது. தினை விளைந்த இடமெல்லாம் காட்டுப்பன்றி வந்தது. பன்றி வந்த இடமெல்லாம் வேட்டுவர்கள் ஈட்டி பிடித்து நின்றார்கள்.

அந்த அடிவாரத்தில் உலைக்குடி என்றொரு சிற்றூர். அங்கே அந்துவன் என்றொரு கொல்லன் இருந்தான். அவன் பட்டறையில் இரண்டே பேர்தான். இரும்பை அடிக்க அவன், துருத்தி ஊத அவன் மனைவி வேண்மாள்.

அந்துவன் கெட்டவன் அல்லன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவன் கதையாக இருந்தால் உங்களை உட்கார வைத்துச் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் காலத்து ஈட்டிக்கு ஒரு குறை இருந்தது. இரும்பு முனையின் கழுத்து, குழல்போல உள்ளே கூடாக இருக்கும். அதில் மரக்காம்பைச் செருகி, குறுக்கே ஓர் ஆணி அடிப்பார்கள். ஆணி அடித்த இடத்தில் நாளடைவில் மரம் வெடிக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட ஈட்டி மூன்றாவது மழைக்காலத்துக்கு நம்பத் தகாது.

இதற்கு ஒரு வழி காண அந்துவன் மூன்று ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் கண்டுபிடித்தான். ஆணியே வேண்டாம். குழலுக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுமுன் காம்பைச் செருகிவிட்டால் போதும். ஆறியபின் கல்லாய் இறுகிவிடும். மரத்தில் துளை இல்லை, வெடிப்பும் இல்லை.

மார்கழியில் அதைச் சோதித்தான். வாழைத் தண்டில் குத்தினான், வைக்கோல் பொதியில் குத்தினான், புற்றுமண்ணில் குத்தினான். முனை அசையவில்லை. பார்ப்பதற்கும் அழகாக, தழும்பில்லாத கைபோல வழவழவென்று இருந்தது. 'ஆணியில்லா ஈட்டி' என்று அவனே பெயர் வைத்தான். தை பிறந்து மாசி முடிவதற்குள் இருபத்தொரு வேட்டுவர்கள் வாங்கிப் போனார்கள்.

பங்குனியில் முதல் ஆள் திரும்பி வந்தான்.

அவன் பெயர் தித்தன். உரத்த குரலுக்காரன். ஒரு கையில் முனையும் மறுகையில் காம்புமாக, பட்டறை முன்னால் நாலுபேர் நிற்கும்போது வந்தான்.

"கொல்லரே, இதைப் பாரும். குத்தினேன், முனை பன்றியோடு போய்விட்டது. வெறுங்கம்பை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறித் தப்பித்தேன். பிறகு புதரில் தேடி எடுத்தேன்."

நாலுபேரும் அந்துவனைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சூடேறியது. மூன்று ஆண்டு உழைப்பு அவன் கண்முன் ஆடியது.

"கல்லில் குத்தியிருப்பாய், தித்தா," என்றான். "பன்றி எது, பாறை எது என்று பார்த்துக் குத்தவேண்டும்."

நாலுபேரும் சிரித்தார்கள். தித்தனின் உரத்த குரல் அடங்கிப்போயிற்று. கொண்டுவந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஆனால் ஒன்று. கல்லில் குத்திய முனை மழுங்கியிருக்கும். தித்தன் கொண்டுவந்த முனை மழுங்கவில்லை. அந்துவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் உச்சிவேளையில், தன்னிடம் மிச்சமிருந்த ஓர் ஈட்டியை எடுத்துப் பட்டறைக்கு வெளியே ஒரு பாறைமேல் வைத்தான். மார்கழியில் சோதித்தபோது வெயில் ஏது? பங்குனி வெயில் பாறையைச் சுட்டது, பாறை இரும்பைச் சுட்டது, இரும்பு உள்ளே இருந்த அரக்கைச் சுட்டது. ஒரு நாழிகை கழித்து முனையைப் பிடித்துத் திருகினான். கனிந்த மாம்பழம் காம்பைவிட்டு வருவதுபோல அது கையோடு வந்தது.

துருத்தியருகே இருந்து வேண்மாள் அதைப் பார்த்தாள்.

"வாங்கினவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பலாமே," என்றாள்.

"ஒன்றில் குறை என்று நானே சொன்னால், நான் செய்த அத்தனையும் குறை என்பார்கள். வெயில் தாழட்டும். மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்," என்றான் அந்துவன்.

அவள் மறுபடி துருத்தியை ஊதத் தொடங்கினாள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது ஆள் வந்தான். நாகன் என்று பெயர். தேன் எடுப்பவன், வேட்டைக்கும் போகிறவன். மெல்லப் பேசுவான். அவன் ஈட்டியும் முனை கழன்றுதான் வந்திருந்தது.

இப்போது அந்துவனுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் சொன்னான்: "பழைய ஈட்டிக்குப் பழகிய கை உன்னுடையது. முறுக்கிக் குத்தியிருப்பாய். இதை நேராகக் குத்தவேண்டும். போகட்டும், உனக்காக ஒட்டித் தருகிறேன்."

அதே அரக்கை உருக்கி, அதே குழலில் ஊற்றி, அதே காம்பைச் செருகிக் கொடுத்தான். நாகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"நல்ல மனசு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வார்த்தை அந்துவனுக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. இரவுச் சோற்றை அப்படியே தள்ளி வைத்தான். ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் மூன்றாவது ஆள் வந்தான். கடுவன் என்று பெயர். மலைமேல் சிறுகுடியில் இருப்பவன். திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவன் ஈட்டி கழலவில்லை. அவன் சண்டைக்கும் வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்தான்.

"ஐயா, மத்தியானத்தில் எடுத்தால் முனை கொஞ்சம் அசைவதுபோல இருக்கிறது. நான் பிடிக்கிற விதம் சரிதானா என்று நீங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்."

சொல்லிவிட்டு, பட்டறை முற்றத்தில் ஒரு காலை முன்வைத்து, ஈட்டியைத் தாழ்த்திப் பிடித்து நின்று காட்டினான். பன்றிக்கு எதிரே எப்படி நிற்கவேண்டுமோ அப்படியே நின்றான். அதில் ஒரு பிழையும் இல்லை.

அந்துவன் கையருகே துரப்பணம் இருந்தது. ஆணி இருந்தது. வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் ஒரு துளையிட்டு ஓர் ஆணி அடித்திருக்கலாம். அடித்தால், ஆணியில்லா ஈட்டிக்கு ஏன் ஆணி என்று கடுவன் கேட்பான். கேட்டால் பதில் சொல்லவேண்டும்.

"இன்னும் கை பழகவில்லை, தம்பி. அதுதான் அசைவதுபோலத் தோன்றுகிறது. காலையில் பழகு, மாலையில் பழகு, எல்லாம் சரியாகும்," என்றான் அந்துவன்.

"அப்படியே ஆகட்டும், ஐயா," என்று கடுவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சொன்னபடியே அவன் காலையில் பழகினான், மாலையில் பழகினான். எட்டாம் நாள் உச்சிவேளையில் தினைப்புனத்துக்குள் ஒரு பெரும் பன்றி புகுந்தது. மற்றவர்கள் சற்றுத் தள்ளி இருந்தார்கள். கடுவன் மட்டும் அதன் வழியில் நின்றான். அசையாமல் நின்றான். குறி தவறாமல் குத்தினான். முனை சுழன்று, சாய்ந்து, கழன்று விழுந்தது. பன்றி அவன் வலது தோளைக் கிழித்துப்போட்டுவிட்டு ஓடியது.

உயிர் பிழைத்தது. கை பிழைக்கவில்லை. தோளிலிருந்து தொங்குகிற ஒன்றாக அது ஆகிவிட்டது.

செய்தி உலைக்குடிக்கு வந்தது. அந்துவன் கேட்டான். கேட்டுவிட்டு அன்று உலையை மூட்டவில்லை. மறுநாள் மூட்டினான். வேண்மாள் துருத்தி ஊதினாள். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

இப்படியிருக்க, வைகாசியில் சேந்தன் மன்னன் பெருவேட்டைக்கு நாள் குறித்தான். பன்றிகள் புனத்தையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தன. நாற்பது வீரர்களை நிறுத்தி மலையை வளைக்கவேண்டும், நாற்பது பேருக்கும் புது ஈட்டி வேண்டும் என்று சொன்னான். ஆணியில்லா ஈட்டியின் பெயர் அவன் காதிலும் விழுந்திருந்தது. அந்துவனை வரச் சொன்னான். ஈட்டி வாங்கிய மலைக்காரர்களையும் வரச் சொன்னான்.

காலை நேரத்தில் மன்றம் கூடியது. அந்துவன் மெருகேற்றிய ஓர் ஈட்டியைக் கொண்டுவந்து மன்னன் முன் வைத்தான். மன்னன் அதைத் தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வீசிப் பார்த்தான். காலைக் குளிர்ச்சியில் அது கல்லாய் இருந்தது.

"அழகாக இருக்கிறது. ஆனால் நாற்பது பேரின் உயிரை இதை நம்பி நிறுத்தப்போகிறேன். இவனிடம் ஈட்டி வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். யாருக்காவது குறை உண்டா? சொல்லுங்கள்," என்றான் மன்னன்.

கூட்டத்தில் தித்தன் இருந்தான். அவன் வாய் திறக்கவில்லை. பாறைக்கும் பன்றிக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று மன்னன் முன்னும் பெயர் வாங்க அவன் விரும்பவில்லை. நாகன் இருந்தான். தான் முறுக்கிக் குத்தியதால்தான் முனை கழன்றது என்று நம்பி அவன் தலைகுனிந்திருந்தான்.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். கடுவன். வலக்கையை ஒரு துணியால் மார்போடு கட்டியிருந்தான்.

தன் குட்டு வெளிப்படும் நேரம் வந்துவிட்டது என்று அந்துவன் நினைத்தான்.

"அரசே, ஈட்டியில் ஒரு குறையும் இல்லை," என்றான் கடுவன். "என்னைப் பார்த்து யாரும் கொல்லரைத் தவறாக நினைக்கக்கூடாது. அதற்காகத்தான் எழுந்தேன். அவர் முன்கூட்டியே சொன்னார், உனக்குக் கை பழகவில்லை, பழகு என்று. நான் எட்டு நாள்தான் பழகினேன். அது போதவில்லை. தவறு என்னுடையது."

சொல்லிவிட்டு, அந்துவனைப் பார்த்து, இருந்த ஒரு கையை நெஞ்சில் வைத்து வணங்கினான்.

மன்றம் முழுவதும் "நல்ல பிள்ளை" என்று முணுமுணுத்தது. மன்னன் முகம் மலர்ந்தது. தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னான். தட்டு அந்துவன் முன் வந்தது. அதைத் தொட்டால் நாற்பது ஈட்டியும் செய்யும் வேலை அவனுடையது. அந்த நாளின் புகழும் அவனுடையது.

அவன் கையைத் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. கடுவனின் தொங்கும் கையைப் பார்த்தான், தன் நல்ல கையைப் பார்த்தான். தன்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பான். அடித்திருந்தாலும் பொறுத்திருப்பான். இவன் வணங்கிவிட்டான். தான் சொன்ன பொய்யை இவன் வேதமாக எடுத்துக்கொண்டு, மலையிறங்கி வந்து, மன்னன் முன் சாட்சியும் சொல்லிவிட்டான்.

"அரசே," என்றான் அந்துவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "அரசே, அந்த ஈட்டியை வெயிலில் ஒரு நாழிகை வைக்கச் சொல்லுங்கள்."

"எதற்கு?"

"வைக்கச் சொல்லுங்கள், அரசே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மன்றத்துக்கு நடுவில் ஒரு பாறை. அதன்மேல் ஈட்டியை வைத்தார்கள். கூட்டம் காத்திருந்தது. ஒரு நாழிகை என்பது எவ்வளவு நீளம் என்று அந்துவன் அன்றுதான் தெரிந்துகொண்டான். அத்தனை கண்ணும் முதலில் ஈட்டியைப் பார்த்தன. பிறகு, ஒவ்வொன்றாக, அவனைப் பார்க்கத் தொடங்கின.

நேரம் ஆனதும் மன்னனே இறங்கி வந்து முனையைப் பிடித்தான். இழுக்கக்கூட இல்லை. முனை அவன் கையோடு வந்துவிட்டது. உருகிய அரக்கு நூலாக நீண்டு பாறையில் சொட்டியது.

தித்தன் கூட்டத்திலிருந்து எழுந்தான். முன்னால் வந்து பாறையில் சொட்டிய அரக்கைத் தொட்டுப் பார்த்தான்.

மன்னன் மூன்று கேள்வி கேட்டான்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று அவன் சொல்லியிருக்கலாம். யார் மறுத்திருக்கமுடியும்? வேண்மாள் ஒருத்தியைத் தவிர அதை அறிந்தவர் யாருமில்லை, அவளும் சொல்லமாட்டாள்.

"பங்குனியிலிருந்து," என்றான் அந்துவன்.

"கடுவன் உன்னிடம் எப்போது வந்தான்?"

"சித்திரையில்."

மன்னன் கையிலிருந்த முனையைத் தரையில் போட்டான்.

"உன்னை என்ன செய்வதென்று நான் சொல்லமாட்டேன். அவன் சொல்லட்டும்," என்றான்.

எல்லாரும் கடுவனைப் பார்த்தார்கள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தார்கள். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் புரியாதவன்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா," என்று கேட்டான், "அப்படியானால் அன்றைக்கு நான் சரியாகத்தான் பிடித்திருந்தேனா?"

"சரியாகத்தான் பிடித்தாய், தம்பி. உன்னைப்போல் நின்றவனை நான் பார்த்ததில்லை."

கடுவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எங்கள் சிறுகுடிக்கு வந்து அதைச் சொல்லுவீர்களா? நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்."

அவன் கேட்ட தண்டனை அவ்வளவுதான்.

அந்துவன் வீட்டுக்கு வந்தான். நடந்ததை வேண்மாளிடம் சொன்னான். அவள் எழுந்து போய் உலையை மூட்டினாள். அன்றே அவன் ஒரு வழி கண்டான். ஆணியை அடித்து, மரம் வெடிக்காதபடி அதன்மேல் சூடான இரும்பு வளையத்தை இறுக்கினான். வளையம் ஆறிச் சுருங்கியபோது மரத்தை உடும்புபோலப் பிடித்துக்கொண்டது. மூன்று ஆண்டு கிடைக்காத வழி, குறையை ஒப்புக்கொண்ட பிறகு அரைப்பொழுதில் கிடைத்தது.

பிறகு ஆணிகளையும் வளையங்களையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, சிறு கையுலையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினான். இருபத்தொரு ஈட்டி, இருபத்தொரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் மூன்று வாக்கியம் சொன்னான்.

"குறை ஈட்டியில். அது எனக்குத் தெரியும். உங்களிடம் மறைத்தேன்."

தித்தன் வாசலில் அரைநாள் நிற்கவேண்டியிருந்தது. கதவு திறந்தபோது தித்தன் ஈட்டித் துண்டுகளை வெளியே எறிந்தான். "அந்த நாலுபேரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வா," என்றான். அந்துவன் இறங்கிப் போய் நாலுபேரிடமும் சொல்லிவிட்டு, திரும்ப ஏறி வந்தான். நாகன் வீட்டில் தேனும் தினைமாவும் கொடுத்தார்கள். நாகன் ஈட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தித்தன் எறிந்ததைவிட அந்தத் தேன்தான் விழுங்கக் கடினமாக இருந்தது.

கடைசியாகச் சிறுகுடிக்குப் போனான். பதினோரு குடிசை. ஊருக்குள் நுழையும்போது சில பிள்ளைகள் தினைப்புனத்துக் காவல் பரணில் இருந்த ஒருவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நழுவா! ஏ நழுவா! கிளி வருகிறது பார்!"

பரணில் இருந்தவன் கடுவன். ஈட்டியைக் கை நழுவ விட்டவன் என்று ஊர் அவனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது. மைத்துனர்கள் அவனைப் புனக்காவலுக்குச் சேர்ப்பதில்லை. கிளி விரட்டுவதுதான் இப்போது அவன் வேலை.

அந்துவன் பதினோரு குடிசையிலும் சொன்னான். ஒரு குடிசையில் இருந்த முதியவருக்குக் காது கேட்காது. "என்ன? யார் மறைத்தது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான்தான்! நான்தான் மறைத்தேன்!" என்று அந்துவன் மூன்று முறை கத்தினான். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பதினோராவது குடிசை கடுவனுடையது. அவன் மனைவி மாதி வாசலில் தினை குற்றிக்கொண்டிருந்தாள். அந்துவன் சொன்னதை உலக்கையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எனக்கு வாய்த்தவன் இப்படி ஒன்றுக்கும் ஆகாதவனாகப் போனானே என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்," என்றாள். "காயம் ஆறுவதற்குள் சொன்னேன். ஒருமுறை இல்லை."

உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். பரண் இருந்த பக்கம் நடந்தாள். பாதிவழியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். அந்துவன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உரலுக்குள் கிடந்த தினையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெருவேட்டை ஆனியில் நடந்தது. வளையம் போட்ட நாற்பது ஈட்டியும் அந்துவன் செய்தவைதான். மன்னன் ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தான். நாற்பது பேரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். அதன்பின் மார்கழி, சித்திரை, ஐப்பசி என்று மூன்று பருவமும் சோதிக்காமல் அவன் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. வாங்கியவன் ஏதாவது சொல்ல வந்தால், அவன் சொல்லி முடிக்கும்வரை வாய் திறந்ததும் இல்லை. "அந்துவன் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் எழுந்து உள்ளே போய்விடுவான்.

சிறுகுடியில் மைத்துனர்கள் கடுவனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். யார் எங்கே நிற்கவேண்டும், எப்படிப் பிடிக்கவேண்டும் என்று வேட்டையில் சொல்லித்தரும் இடத்தில் அவனை வைத்தார்கள். மாதி அதன்பின் அவனை ஒருநாளும் கடிந்து பேசவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு வேலையாக அந்துவன் மலைமேல் போயிருந்தான். சுனையருகே தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது மேலேயிருந்து யாரோ கூப்பிடுகிற குரல் கேட்டது.

"நழுவா! நழுவா, எங்கே இருக்கிறாய்?"

கூப்பிட்டவன் கேலியாகக் கூப்பிடவில்லை. அந்தப் பெயர் எப்படி வந்ததென்றுகூட அவனுக்கு நினைவிருக்காது.

"இங்கேதான் இருக்கிறேன்," என்று புதருக்கு அந்தப்பக்கம் பதில் வந்தது. கடுவனின் குரல். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அந்துவன் கையில் அள்ளிய தண்ணீரைக் குடிக்கவில்லை. அது விரலிடுக்கில் ஒழுகித் தீரும்வரை அப்படியே குனிந்திருந்தான்.

ஆகவே கேட்டவர்களே, இதை மனத்தில் வையுங்கள்: தன் பொருளின் குறையை அதை வாங்கியவன் தலையில் போடுகிறவனால் குறையைப் பிறகு திருத்திவிட முடியும், ஆனால் போட்ட பழியை முழுவதும் திரும்ப எடுக்கமுடியாது.